எண்ணெய் போடுகிறவரின் தங்கை

மார்ச் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நான், உன் அண்ணி, அம்மா மூவரும் சௌக்கியம். எங்கள் பவுலிங் ஹாலில் பதினேழாவது லேனின் மெஷின் மட்டும் சௌக்கியமில்லை. பந்து பட்டு விழுந்த பத்துக் கட்டைப் பின்களையும் பொறுக்கி நிறுத்து என்றால் ஒன்பதை நிறுத்திவிட்டு, பத்தாவதைக் கவ்விக்கொண்டு சும்மா நிற்கிறது. மூன்று நாளாக அதன் வயிற்றுக்குள்தான் குடித்தனம். உன் அண்ணி சாப்பாட்டை அங்கேயே கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்கிறாள்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ பதிலைச் சொல்லிவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் ஒரு கம்பெனி ஆட்கள் கூட்டமாக பவுலிங் விளையாட வந்தார்கள். அதில் ஒருவர் கோட்டைத் தாண்டி லேனுக்குள் காலை வைத்து, சர்ரென்று வழுக்கி, பந்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் போயிற்று. நேராக மேனேஜரிடம் போய், தரையெல்லாம் எண்ணெயாக இருக்கிறது, துடைக்க ஆளில்லையா என்று ஒரே சத்தம். என்னைக் கூப்பிட்டார்கள். அந்த எண்ணெயைப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே என்று பொறுமையாகச் சொன்னேன். அறுபதடி லேனில் முன்பக்கம் எண்ணெய், பின்பக்கம் காய்ந்த தரை. எண்ணெயில் வழுக்கிப் போகிற பந்து காய்ந்த இடம் வந்ததும் தரையைப் பிடித்துத் திரும்பும். எண்ணெய் எதுவரைக்கும் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது என்று பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்போ வேணும்னே ஊத்தி வச்சிருக்கீங்க என்றார். ஆமாம் என்றேன். புகார்ப் புத்தகம் கேட்டார்.

சரி, இன்னொரு விஷயம். செப்டம்பரில் நடக்கப்போகும் சர்வதேச விளையாட்டு விழாவில் பவுலிங்குக்கு லேன் பராமரிக்க வெளிநாடுகளிலிருந்து ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள். அதில் நான் ஒருவன். எண்ணெய் மெஷின் என் பொறுப்பு. கடிதம் வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். "அங்கயும் போய் இதே வேலைதானா" என்றாள்.

அதே விழாவில் ஆட நம் நாட்டு அணிக்கு உன்னை எடுத்தார்களா என்ற முடிவும் இந்த வாரம் வர வேண்டுமே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

முதலில் நல்ல செய்தி. தேர்வாகிவிட்டேன். ஆறு பெண்களில் நான்தான் மூத்தவள். பக்கத்து வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, பவுலிங்கா, எத்தனை விக்கெட் எடுப்பே என்று கேட்டாள். இந்தத் தடவை விளக்கம் சொல்லவில்லை. நிறைய எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நீங்கள் அந்த வேலைக்குப் போகக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாட்டுச் சாம்பியன் போட்டி உங்கள் ஹாலில் நடந்ததே, நான் ஜெயித்தேனே, அன்றைக்கு என்ன பேச்சு கிளம்பியது என்று உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. "அண்ணன் எண்ணெய் ஊத்தினாரு, தங்கச்சி கோப்பையைத் தூக்கினா." இதை முதலில் சொன்னவள் நெட்டை. என்னோடு ஜோடியாக ஆடுகிற, என் டிபன் டப்பாவில் கை வைத்துச் சாப்பிடுகிற அதே நெட்டைதான். எல்லாரும் சிரித்தார்கள், கோச் உட்பட. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. இன்றைக்கும் நான் நன்றாக உருட்டினால் யாராவது ஒருத்தி அதை முணுமுணுப்பாள். அந்தக் கோப்பை ஷோகேஸில் இருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால் இவர்தான் எடுத்துக் காட்டுகிறார். நான் தொடுவதில்லை.

அண்ணா, எனக்கு முப்பத்தெட்டு. கோச் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார், அடுத்த தடவைக்குச் சின்னப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று. எனக்கு இதுதான் கடைசி. பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஒரே ஒரு தடவை, நான் ஜெயித்தது நானே ஜெயித்ததாக இருக்க வேண்டும். நீங்கள் அங்கே எண்ணெய் மெஷினைத் தள்ளிக்கொண்டு நடந்தால் அது நடக்காது. நான் தோற்றால் நான் தோற்றேன், ஜெயித்தால் அண்ணன் ஜெயித்தார் என்றாகிவிடும்.

நான் உங்களிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். வரவில்லை என்று எழுதிவிடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. அண்ணியிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள்.

உங்கள் பாப்பா


மார்ச் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பெயர் பட்டியலில் வந்ததைக் கேட்டு அம்மா தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தேர்வான கடிதம் அலமாரியில் மின்சார பில்லுக்கு அடியில் கிடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

நீ கேட்டு நான் மறுத்தது என்று எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. இதை மறுக்கப் போகிறேன். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. பத்துத் தடவை பேனாவை எடுத்து வைத்தேன்.

நீ பந்தை உருட்டினால் ஊர் பார்க்கிறது. நான் போடுவதை ஒருவரும் பார்க்க முடியாது. அது கண்ணுக்கே தெரியாத வேலை. தினமும் காலையில் பழையதைத் துடைத்துப் புதிதாகப் போடுகிறேன், கம்பெனி ஆட்களும் பிறந்தநாள் கூட்டமும் வந்து மிதித்துவிட்டுப் போகிறார்கள். சரியாகப் போட்டேனா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் ஒரே கட்டடத்தில் கூடப் போகிறார்கள், அவர்களுக்கு நான் போடப் போகிறேன். இதற்கு வரமாட்டேன் என்று எப்படி எழுதுவது? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

என் தங்கை ஆடுகிறாள் என்பதை முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் யோசித்துவிட்டு, என்னோடு இன்னொருவர் எப்போதும் கூடவே இருப்பார் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அங்கே வந்த பிறகு ஆட்டக்காரர்களோடு பேச்சு கிடையாது, போன் கிடையாது, தலையாட்டல்கூடக் கிடையாது. அங்கே எண்ணெய் எப்படிப் போட்டிருக்கிறது என்று போட்டி முடியும்வரை வெளியே சொல்லவே மாட்டார்கள். பயிற்சி நேரத்தில் உருட்டிப் பார்த்து அவரவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்கிறாய். அவர்களுக்குத் தெரிய வைக்கிற வித்தை என்னிடம் இல்லை, பாப்பா.

கோபம் தீர்ந்ததும் எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணாவுக்கு,

கோபம் தீரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிடாமல் அலைவீர்கள் என்று அண்ணி இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

வாருங்கள். நல்லபடியாகப் போட்டுவிட்டுப் போங்கள். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நான் உங்களுக்கு யாரோ, நீங்கள் எனக்கு யாரோ. திரும்பி வந்த பிறகு அண்ணன் தங்கையாக இருந்துகொள்ளலாம். உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன், எனக்காக இரண்டு வார்த்தை பரிந்து பேசுவார் என்று. "மச்சான் சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி அவரே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டார்.

பாப்பா


செப்டம்பர் 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாளைக்குக் கிளம்புகிறேன். உனக்கு முன்னாலேயே போய் லேன்களைச் சமன் பார்க்க வேண்டும். இனி திரும்பி வரும்வரை எழுத மாட்டேன்.

இந்த ஐந்து மாதத்தில் நீ அனுப்பியது ஒரே ஒரு கடிதம், அதுவும் விசாரிப்பே இல்லாமல் மொட்டையாக. பரவாயில்லை. உன் அண்ணி எனக்கு நாலு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருக்கிறாள், அங்கே குளிரா வெயிலா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நன்றாகத் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு. இதைத் தவிர வேறு அறிவுரை எதுவும் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

அண்ணன்


செப்டம்பர் 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உறை பிரிந்திருக்கும். பதறாதே. தலைமை நடுவரிடம் நேரில் போய் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். என் தங்கை தனியாட்டத்தில் வேண்டுமென்றே கெடுத்துக்கொண்டாள், என்னால்தான், அவளோடு சண்டை போட வேண்டும் என்று மொழிபெயர்க்கிற பெண்ணை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர், "வீட்டுச் சண்டைன்னா எழுதுங்க. நாங்க படிச்சிட்டுத்தான் தருவோம்" என்றார். முடிந்துபோன தனியாட்டத்தைப் பற்றி எழுதலாம். வரப்போகிற ஆட்டத்துக்கு எண்ணெய் எப்படி என்று ஒரு வார்த்தை இருந்தாலும் அடித்துவிடுவார்கள். இதை அவருக்குப் படித்துச் சொல்லும் அந்தப் பெண்ணும் நன்றாக இருக்கட்டும்.

பாப்பா, நீ லேனுக்கு அந்தப் பக்கம். நான் பின்கள் விழுகிற இந்தப் பக்கம், மெஷின்களுக்குப் பின்னால். உன் முகம் எனக்குத் தெரியாது. பந்து மட்டும்தான் வந்து சேரும். உன் பந்து வருகிற விதம் எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு லேனில் எதில் வந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

பயிற்சி நேரத்தில் உன் மூன்றாவது பந்து வலது ஓரத்துப் பள்ளத்தை உரசுகிற மாதிரி வந்து, கடைசியில் திரும்பி, பத்தையும் அள்ளிக்கொண்டு போயிற்று. அந்த வழியில் அந்த ஹாலில் வேறு ஒரு பந்துகூட வரவில்லை. அன்றைக்கு எண்ணெய் குட்டையாகத்தான் போட்டிருந்தது. எல்லாரும் நடுவிலிருந்து உருட்டிவிட்டு, பந்து இவ்வளவு சீக்கிரம் திரும்புகிறதே என்று விழித்துக்கொண்டிருந்தபோது நீ மட்டும் கண்டுபிடித்துவிட்டாய். நான் கூட நின்றவரிடம் எதுவும் காட்டிக்கொள்ளக் கூடாதென்று குனிந்து ஒரு போல்ட்டை முறுக்கினேன். அது ஏற்கெனவே முறுக்கியிருந்த போல்ட்டு.

ஆட்டம் ஆரம்பித்தது. வருகிறது உன் பந்து, நடுவிலிருந்து! முன்னால் நிற்கிற பின்னின் நெற்றியில் போய் மோதுகிறது, இந்த மூலையில் ஒன்று அந்த மூலையில் ஒன்று என்று நிற்கிறது. சரி, கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்ததும் நடுவிலிருந்து. முதல் ஆட்டம் முழுக்க அப்படி, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆட்டத்தில் வேறொரு நாட்டுப் பெண் தட்டுத்தடுமாறி ஓரத்துக்கு நகர்ந்தாள். அவள் நகர்ந்த அடுத்த நிமிஷம் நீயும் நகர்ந்தாய். அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஐந்தாவது இடம்.

நீ ஏன் காத்திருந்தாய் என்று எனக்குப் புரிந்தது. முதல் பந்திலேயே ஓரத்தில் போய் நின்றால் அண்ணன் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்பார்கள். அதுதானே?

உன்னை யார் கேட்டது? நான் உனக்கு ஒன்றும் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது, உனக்கே தெரிந்ததையும் தெரியாத மாதிரி நீ நடிப்பதற்காகவா? என் பெயர் அவ்வளவு லேசானதா, நீ நன்றாக ஆடினால் உடைந்துபோக? எனக்கு வருகிற கோபத்துக்கு உன்னை எதிரில் நிற்க வைத்து ஒரு மணி நேரம் திட்ட வேண்டும் போலிருக்கிறது. அதற்கும் வழியில்லை. நான் இங்கே உலகத்துக்கே போட்டேன். அதை முதலில் படித்தவள் என் தங்கை. அதைச் சொல்லிக்கொள்ளக்கூட முடியாமல் செய்துவிட்டாயே.

நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்குக் கொழுப்பு கூடியிருக்கிறதாம். டாக்டர் ■■■■■■■ ■■■■■ ■■■■■■■■ என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்பதாக இல்லை.

கடைசி நாள் மாஸ்டர்ஸ் இருக்கிறது. மொத்தக் கணக்கில் முதல் பதினாறு பேருக்குள் நீ இருக்கிறாய் என்று பலகையில் பார்த்தேன். அதிலும் இப்படிச் செய்தால், வீட்டுக்கு வந்த பிறகும் நீ எனக்கு யாரோதான்.

உன் அண்ணன்


செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதையும் அவர்கள் படித்துவிட்டுத்தான் தருவார்கள். படிக்கட்டும். அந்த மொழிபெயர்க்கிற பெண் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எனக்கு முதலில் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று உயிரே போய்விட்டது. டாக்டர் என்ன சொன்னார்? அந்த வரியில் மட்டும் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. உடனே எழுதுங்கள்.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன்.

உங்களுக்கு எங்கள் பக்கம் தெரியாது, நாங்கள் நிற்கிற பக்கத்தைச் சொல்கிறேன். காலையில் விளக்கெல்லாம் போட்டு, நீங்கள் அந்த மெஷினுக்குப் பின்னால் ஒவ்வொரு லேனாக நடந்து வந்தீர்கள். எத்தனை அழகாக நடந்தீர்கள் தெரியுமா? வீட்டில் செருப்பைத் தேடி வளைய வருகிற ஆள் மாதிரியே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது பக்கத்து வரிசையில் யாரோ யார் காதிலோ ஏதோ சொன்னார்கள். அவர் உங்களைப் பார்த்தார், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் இன்னொருவர். நெட்டை என் பக்கமே பார்க்காமல் ஷூ லேஸை முடிந்துகொண்டிருந்தாள். முடிந்த லேஸை அவிழ்த்து அவிழ்த்து முடிந்தாள்.

மூன்றாவது பந்து பத்தையும் அள்ளியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, யார் யார் பார்த்தார்கள் என்றுதான் திரும்பிப் பார்த்தேன். கோச் என்னிடம் வந்து, "எப்படி அதுக்குள்ள தெரிஞ்சுது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். பந்தைத் துடைத்த துணியில் எண்ணெய் கம்மியாக இருந்தது, அதனால் தெரிந்தது என்று சொல்ல வேண்டியதுதானே? சும்மா உருட்டிப் பாத்தேன் என்றேன். சொல்லிவிட்ட பிறகு அங்கே போய் நிற்க முடியவில்லை.

உங்களுக்காகத் தியாகம் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்டவள் நானில்லை. பாதி உங்களுக்காக, பாதி எனக்காக. அந்தப் பேச்சை இன்னொரு தடவை காதால் கேட்கப் பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

இனி செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்காதீர்கள். அங்கே போய் நிற்கும்போது என்ன ஆகுமென்று எனக்கே தெரியாது. இந்த வயதில் இப்படிப் பயப்படுகிறேனே என்று அசிங்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் பாப்பா


செப்டம்பர் 22, மாலை

பாப்பா,

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. சமையலில் ஒரு பொருளைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். எந்தப் பொருள் என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். மறுபடி எழுதினால் மறுபடி அடிப்பார்கள். பொரித்ததைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

பேசுவார்கள். நீ ஜெயித்தாலும் பேசுவார்கள், தோற்றாலும் வேறு எதையாவது பேசுவார்கள். அதை நிறுத்த என்னாலும் முடியாது, உன்னாலும் முடியாது. எனக்காக நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்னை விட்டுவிடு. நான் இருக்கிற பக்கம் மெஷின் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பயத்தோடேயே உருட்டு, பரவாயில்லை.

அண்ணன்


அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். போட்டி முடிந்த கையோடு எங்களை பஸ்ஸில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் இன்னும் அங்கே லேன்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னாள். நாலு ஸ்வெட்டரில் ஒன்றையாவது போட்டீர்களா என்று கேட்கச் சொன்னாள். வந்ததும் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பொரித்ததை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள், கையும் களவுமாகப் பிடித்தேன். "நீ மூணாவதுதானே வந்தே, என்னை மெரட்டாதே" என்றாள்.

என் பந்துதான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

மாஸ்டர்ஸ் அன்று காலை. தனியாட்டத்தில் ஓரம்தான் வழி என்று எல்லாரும் படித்துக்கொண்டார்கள் இல்லையா, பயிற்சியில் ஒருத்தி விடாமல் ஓரத்தில் போய் நின்றாள். ஒருத்தி பந்தும் திரும்பவில்லை, வழுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. நான் இரண்டு பந்து உருட்டினேன், துணியில் துடைத்துப் பார்த்தேன். துணி நனைந்துவிட்டது. எண்ணெய் நீளம். நடுவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒருத்தியும் இல்லை.

அண்ணா, பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோச் வந்தார், நடுவுதான் சார் என்றேன், எப்படித் தெரிஞ்சுது என்று மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை துணியை அவர் கையில் கொடுத்தேன். "தொட்டுப் பாருங்க சார்" என்றேன். தொட்டுப் பார்த்தார். அந்தத் துணியை நெட்டையிடம் கொடுத்தார். அவள் அதை ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் போய் நின்று ஆட்டத்தின் முதல் பந்தை உருட்டினேன்.

இரண்டு ஆட்டம் முடிந்ததும் ஏதோ ஒரு நாட்டு மேனேஜர் நடுவர் மேஜைக்குப் போய், இந்தப் பெண் லேன்காரரின் தங்கை, முதல் பந்திலேயே எப்படி அங்கே போய் நின்றாள் என்று புகார் கொடுத்திருக்கிறார். தலைமை நடுவர் எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க நின்னு உருட்டணும்னு விதி கிடையாது" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் விமானத்தில் வரும்போது நெட்டை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, வேறொன்றும் சொல்லாமல் இதை மட்டும் சொன்னாள். பிறகு தன் சாப்பாட்டில் இருந்த இனிப்பை எடுத்து என் தட்டில் வைத்தாள். தின்றேன். வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு ரோஷம் பற்றவில்லை.

பதினாறு பேரும் மாறி மாறி மோதி, கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக வந்துவிட்டேன். நான் மூன்றாவது, அதனால் இரண்டாவதாக இருந்தவளோடு முதலில் ஆட வேண்டும். சின்னப் பெண், தோளெல்லாம் மரக்கட்டை மாதிரி இருந்தது. கடைசி ஃபிரேம் வரைக்கும் அவளும் நானும் இழுபறி. என் பந்து நன்றாகத்தான் போயிற்று. ஒன்பது விழுந்தது, வலது மூலையில் ஒற்றைப் பின் நின்றது. அதை எடுத்தால் நான் இறுதி ஆட்டத்துக்குள்ளே. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை எடுத்த பின் அது. குறி பார்த்தேன், மூச்சை இழுத்து விட்டேன், உருட்டினேன். பின்னை ஒட்டிக்கொண்டு போயிற்று, தொடவில்லை. ஒரு நூல் இடைவெளி. அந்தப் பின் நகராமல் நின்றது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்றாவது இடம். மெடலைக் கழுத்தில் போட்டார்கள், கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். அப்போதுதான், ஐயோ, அண்ணன் இங்கேதானே இருக்கிறார் என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த முதல் பந்துக்குப் பிறகு, அதுவரைக்கும் உங்கள் நினைவு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்பதையே சுத்தமாக மறந்துபோனேன்.

உடனே அழுகை வந்துவிட்டது. தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் தேற்றினார்கள். நான் அதற்கு அழவில்லை. அந்த ஒற்றைப் பின்னை விட்டது நான், அண்ணா. மூன்றாவதாக வந்ததும் நான். இரண்டிலும் உங்களுக்கு ஒரு துளிகூடப் பங்கில்லை.

உங்கள் தங்கை